மூளெ கம்மி விவகாரம்

மல்லேஸ்வரம், பெங்களூர்
6-6-2003

சேலம் சம்பந்தி நாராயணசாமி அவர்களுக்கு ஸ்ரீகண்டன் அநேக நமஸ்காரம். இங்கே என் வலது கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம். அங்கே தாங்களும் மாமியும் மாப்பிள்ளை ரோஹனும் முழுப் பல்லோடு க்ஷேமமாயிருக்கப் பிரார்த்திக்கிறேன்.

தங்கள் கார்டு வந்தது. ஆனியில் என்று பேசி முடித்த நிச்சயதார்த்தத்தை ஆவணிக்குத் தள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் எழுதவில்லை. எழுதாவிட்டால் என்ன, எனக்குத் தெரியாதா? அன்று முதல் என் பெண் பார்கவி சரியாகச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளைக்குப் போன் பண்ணுகிறேன் என்றவளை, இது பெரியவர்கள் விஷயம் என்று தடுத்துவிட்டேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அந்தப் பல் போய் ஆறு வருஷம். திருச்சியில் இருந்தவரை ஒரு பக்கமாகவே மென்று காலத்தை ஓட்டினேன். ரிடையராகி இங்கே வந்ததும், தாடையில் ஆணி வைத்துப் புதுப்பல் கட்டிக்கொள்ளச் சொல்லிப் பார்கவி என்னையும் என் சம்சாரம் கோமளத்தையும் டாக்டர் கிரணிடம் அனுப்பினாள். அவர் கன்னடக்காரர், தங்கமான மனுஷர். எங்களுக்காகத் தமிழ் பேச முயன்றார், அங்கேதான் வந்தது வினை. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்து, "சார், உங்க்ளுக்கு மூளெ ரொம்ப கம்மி. ஸ்வல்ப மூளெ போடணும். அது வள்ந்து கெட்டி ஆகறதுக்கு நாலு மாசம். ஆமேலெ, அப்றம், ஆணி" என்றார். நான் வாயைப் பிளந்தபடி படுத்திருக்கிறேன். கோமளம்தான், "முப்பத்திரண்டு வருஷமா நான் சொல்லிண்டிருக்கேன், யார் கேட்டா? நீங்க ஒரு படத்தைப் பார்த்தே சொல்லிட்டேளே! ஆணி எதுக்கு டாக்டர், மறுபடி கழண்டுடாம இருக்கவா?" என்றாள்.

அப்புறம் பத்து நாள் வீட்டில் மூன்று வேளையும் வல்லாரைத் துவையல். பேப்பரைக்கூட என் கையில் தராமல், தலைப்புகளை மட்டும் நிதானமாக வாசித்துக் காட்டினாள். போதாக்குறைக்கு, உங்கள் தெருவில் இருக்கும் அவளுடைய ஒன்றுவிட்ட அக்காவுக்கு எஸ்.டி.டி. போட்டு அழுதாள். சேலம் முழுக்கப் பரவ ஒரு சாயங்காலம் போதாதா?

கடைசியில் மாடி வீட்டு வீணாதான் வல்லாரையின் காரணத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ மாமி, கன்னடதல்லி மூளெ அந்த்ரெ எலும்பு!" என்றாள். பல் இல்லாத இடத்தில் தாடை எலும்பு தேய்ந்திருக்கிறதாம்; எலும்புப் பொடி வைத்துத் தைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு என் எலும்பே வளருமாம்; பிறகு ஆணி; ஆணியைச் சுற்றி எலும்பு இறுக மேலும் மூன்று மாதம். இவ்வளவுதான் சங்கதி. பொடி வைத்துத் தைத்தாயிற்று, புண்ணும் ஆறி வருகிறது. எந்தப் பிராணியின் எலும்பு என்று நான் கேட்கவில்லை; தாங்களும் கேட்க வேண்டாம்.

ஆகவே என் குறை தாடையோடு சரி. எங்கள் வம்சத்தில் மூளைக்கு ஒரு நாளும் பஞ்சமில்லை. என்னை வைத்து என் பெண்ணை எடை போடாதீர்கள், அவள் புத்திசாலி. எனக்கு இன்னும் பத்து ஆணி வேண்டுமானாலும் அடிக்கட்டும், இந்தக் கல்யாணம் மட்டும் நிற்கக் கூடாது.

மாமிக்கு நமஸ்காரம், மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
இடது பக்கம் மட்டும் மெல்லும்
ஸ்ரீகண்டன்

பி.கு.: இன்லண்டு லெட்டரை ஒட்டிவிட்டபடியால் இதை வெளிப்பக்கம் எழுதுகிறேன். பார்கவி என்னைக் கேட்காமலே மாப்பிள்ளைக்குப் போன் செய்துவிட்டாள். உங்கள் வீட்டில் மாடி கட்டி முடியாததால்தான் தேதியைத் தள்ளினீர்களாம். கோமளத்தின் அக்காவும் யாரிடமும் மூச்சு விடவில்லையாம். என் மூளை விஷயம் தங்களுக்குத் தெரியவே தெரியாதாம். ஆகையால் தயவுசெய்து உள்ளே பிரித்துப் படிக்காமல் கிழித்துப் போடவும்.