விமானத்துக்கு மொட்டை போட்டவர்

விமானத்துக்கு மொட்டை போட்ட மனுஷன் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் ரிவெட்டு அண்ணன். இல்லை, இன்னொருத்தர் இருக்கிறார் என்று வாசகர்கள் யாராவது சொன்னால், திருப்பதிக்கு வந்து என்னிடம் நேரில் சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

அப்போது நான் திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரி ஆபீசில் டைப்பிஸ்ட். மைதானத்து மூலையில் ஒரு பழைய போர் விமானம் நின்றுகொண்டிருந்தது. ஓய்வு கொடுத்துவிட்டு, மாணவர்கள் பார்க்கட்டும் என்று ஏர்ஃபோர்ஸ்காரர்கள் அனுப்பிவைத்தது. எங்கள் ஆட்கள் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள்! இறக்கையில் துணி காயப்போட்டார்கள். இன்ஜின் வாயில் அணில் குடித்தனம் நடத்தியது. சுவருக்கு வர்ணம் அடிக்க வந்தவர்கள் மீந்த பெயின்டை எல்லாம் அதன் தலையில் கொட்டி, வகுப்பறை மாதிரியே மேலே மஞ்சளும் கீழே பச்சையுமாக ஆக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

ரிவெட்டு அண்ணனுக்கு வரதய்யபாளையம் பக்கம். ஏர்ஃபோர்ஸில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, எங்கள் வொர்க்ஷாப்பில் வேலைக்கு வந்தார். வந்த முதல் நாளே விமானத்தைப் பார்த்தார். நேராக பிரின்சிபால் அறைக்குப் போனார். "இன்னா சார் இது? சண்டைக்குப் போய் வந்த பிளேனுக்கு இஸ்கூல் செவுரு கலர் அடிச்சிக்கினு கீறீங்க! வெக்கமா இல்ல?" என்று ஒரு சத்தம்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் ஏணியோடு அங்கே போய்விடுவார். பேச்சு முழுக்க ரிவெட்டுதான். ரிவெட்டு என்றால், அலுமினியத் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற குட்டி ஆணி. "ஒரு ரிவெட்டு லூசாச்சின்னா, பக்கத்து ரிவெட்டு மேல பாரம் ஏறிப்பூடும் டைப்பிஸ்ட்டம்மா" என்று என் மேஜைக்கே வந்து சொல்வார். நானும் தலையாட்டுவேன். வேறு என்ன செய்ய?

விமானி உட்காரும் இடத்து மேல் மூடி பழுப்பேறிக் கிடந்தது. அதைப் பற்பசை போட்டுத் தேய்த்தால் தெளியும் என்று கடையில் பேஸ்ட்டாக வாங்கித் தள்ளினார். கடைக்காரர் என்னை வழியில் நிறுத்தி, "அந்தப் பெரியவரு வூட்ல எத்தினி பேரும்மா?" என்று கவலையாக விசாரித்தார். பெருக்குகிற மங்கம்மா ஒருநாள், பாவம் மனுஷன் தனியாகக் கஷ்டப்படுகிறாரே என்று, குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி விமானத்தின் வாலைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். அண்ணன் போட்ட கூச்சல் மலையடிவாரத்து அலிபிரி வரைக்கும் கேட்டிருக்கும். "புளி பட்டா அலுமினியத்த அரிச்சித் துன்னுடும்மா!" என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. வீட்டுக்கு ஒரு பிள்ளை அமெரிக்காவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கரஸ்பாண்டென்ட், சித்தூர்க்காரர், விமானம் நிற்கிற அதே மூலையில் கம்ப்யூட்டர் பிளாக் கட்டப்போவதாக அறிவித்தார். பூமி பூஜை அன்றைக்கே விமானத்தை கேஸ் கட்டரால் அறுத்துப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடுவது என்று முடிவாயிற்று. அண்ணன் கெஞ்சிப் பார்த்தார், சண்டை போட்டுப் பார்த்தார். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை.

கடைசியில் ஏழுமலையானிடம் போனார். விமானத்திலிருந்து சுரண்டி எடுத்த பெயின்ட் செதிலை எல்லாம் மஞ்சள் துணியில் மூட்டை கட்டிக்கொண்டு மலைக்கு பஸ் ஏறிவிட்டார். மொட்டை அடிக்கிற இடத்தில் மூட்டையைப் பிரித்து வைத்தாராம்.

"யார் முடி இது?"

"பிளேனோடது. வேண்டுதல்."

"பச்சையும் மஞ்சளுமா கீதே?"

"பிளேனுன்னா அப்டித்தாம்பா இருக்கும்."

மொட்டை அடிப்பவர் மூட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு, "ஓனருக்கு அடிச்சா போதும், குந்து" என்று அண்ணன் தலையை வழித்துவிட்டார்.

சந்தனம் பூசிய மொட்டையோடு வந்தவரைப் பையன்கள் சூழ்ந்துகொண்டு காரணம் கேட்க, அவரும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். விசா மறுக்கப்பட்டு நொந்து கிடந்த ஒரு பையன் விமானத்தைச் சுற்றி வந்து கும்பிட்டுவிட்டு மறுபடியும் மெட்ராஸ் போனான். கிடைத்துவிட்டது! அவ்வளவுதான், தீர்ந்தது கதை. மூக்கில் குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், இறக்கையடியில் தேங்காய். அண்ணன் துடைப்பக்கட்டையோடு துரத்தினார்.

"தேங்காத் தண்ணி படக் கூடாதுடா! விசா குடுக்கறது வெள்ளக்காரன்டா, இது வெறும் பிளேனு! போய்ப் படிங்கடா!"

"நீங்க மட்டும் மொட்டை போட்டீங்களே அண்ணே?" என்றேன்.

"பிளேனுக்காக சாமிய வேண்டிக்கலாம்மா. பிளேனையே சாமின்னா அது பொய்யில்ல?"

பூமி பூஜை நாள் வந்தது. பெயின்ட் எல்லாம் போய் விமானம் வெள்ளி மாதிரி ஜொலித்தது. பக்கத்திலேயே சிலிண்டரோடு கட்டர்காரன். நான் தாம்பாளத்தோடு நின்றிருந்தேன். கரஸ்பாண்டென்ட் ஐயரை மந்திரத்தோடு விட்டுவிட்டு அண்ணனிடம் வந்தார். அவர் மகளுக்கு விசா மறுத்துவிட்டார்களாம். குரலைத் தாழ்த்தி, "இதைச் சுத்தினா கிடைக்குதாமே, நிஜமேனா? நிஜந்தானா? ஊர் சொல்றதை நான் நம்ப மாட்டேன். நீ பொய் சொல்ல மாட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. நீ சொல்லு" என்றார்.

அண்ணன் சிலிண்டரைப் பார்த்தார். விமானத்தைப் பார்த்தார். எங்கே, வெறும் பிளேனு சார் என்று சொல்லித் தொலைத்துவிடுவாரோ!

"கெடைக்கும் சார்" என்றார். "கண்டிப்பா கெடைக்கும்."

கரஸ்பாண்டென்ட் செருப்பைக் கழற்றினார். மகளைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு விமானத்தைச் சுற்றினார். கம்ப்யூட்டர் பிளாக் கேன்டீனுக்குப் பின்னால் போயிற்று. கட்டர்காரன் பிரசாதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அண்ணனைத் தேடினால், வொர்க்ஷாப் குழாயடியில் உட்கார்ந்திருந்தார். "சர்வீசுல பாக்காத ரிவெட்ட பாத்தேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல டைப்பிஸ்ட்டம்மா. இன்னிக்கி சொல்ட்டேன். அந்தப் பொண்ணுக்கு விசா வரலன்னா, நான் இன்னா மூஞ்ச வெச்சிக்கினு பிளேன் எதிர்ல போய் நிப்பேன்?" என்று குழந்தை மாதிரி அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

விசா கிடைத்தது. விமானம் இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. எல்லாம் அதன் மகிமை என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். கரஸ்பாண்டென்ட் மகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. என்னை "ஏய் டைப்பு" என்று கூப்பிடுகிற பெண். ஆனாலும் அவள் இன்டர்வியூவுக்குப் போன அன்று லீவு போட்டுவிட்டுப் படியேறி மலைக்குப் போனேன். என் சொந்தப் பிள்ளையின் பரீட்சைக்குக்கூட நான் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. பெருமாளே, அந்தப் பெண்ணை எப்படியாவது அமெரிக்காவுக்கு அனுப்பிவிடு, எங்கள் ரிவெட்டு அண்ணன் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது.