கலியாணசுந்தரத்தின் வலது பக்கம்

அந்தச் சனிக்கிழமை கலியாணசுந்தரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. ஆனால் பிள்ளையார்பாளையத்தில் அவர் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. தெருவில் முப்பது தறி ஓடினாலும் அதையும் மீறிக் கேட்கிற வாய் அது.

காலை பத்து மணிக்குக் கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். பெயர் திரிஷா. சென்னையில் ஏதோ ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாளாம். வீடுகளில் கூலிக்குச் செய்கிற வேலை எவ்வளவு, கூலி இல்லாமல் செய்கிற வேலை எவ்வளவு என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறாளாம்.

கலியாணசுந்தரம் அவளை ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

“என்னைக் கேளும்மா. இந்த ஊட்ல வேலை செய்யறவன் நான் ஒருத்தன்தான்.”

“உங்க மனைவி, சார்?”

“அவ ஊட்லதான் இருக்குறா.”

“வீட்ல என்ன செய்யறாங்க?”

“அதாம்மா சொல்றேன். ஊட்ல இருக்குறா.”

திரிஷா சளைக்கவில்லை. “நேத்து காலைல அஞ்சரை மணிக்கு என்ன செஞ்சாங்க?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் தூங்கிக்கினு இருந்தேன்.”

“ஆறரைக்கு?”

“அப்பவும் தூங்கிக்கினுதான் இருந்தேன்.”

“ஏழரைக்கு?”

“ஏழரைக்கு காபி வந்துது.”

“யார் கொண்டு வந்தாங்க?”

“யாராவது கொண்டாந்திருப்பாங்க. வந்துது, குடிச்சேன்.”

சமையலறையில் ஒரு பாத்திரம் ‘ணங்’ என்று கீழே வைக்கப்பட்டது. கலியாணசுந்தரத்துக்கு அது காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் அதற்கு அர்த்தம் தெரிந்திருக்காது.

அடுத்ததாகத் திரிஷாவின் கண் தறிப்பக்கம் போனது. தறியில் இருந்தது ஒரு கல்யாணச் சேலை. உடம்பு அரக்கு, கரை பச்சை. இப்படி இரண்டு நிறம் சேர்கிற சேலையில் ஒவ்வொரு இழைக்கும் உடம்பையும் கரையையும் கோர்த்தாக வேண்டும். அதற்குப் பெயர் கோர்வை. நெசவாளி ஒரு ஆள் போதாது. வலது பக்கம் இன்னொரு ஆள் உட்கார்ந்து கரைநூல் வைத்த நாடாக் கட்டையைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் எழுந்தால் தறி நின்றது.

“அந்தப் பக்கம் யார் சார் உக்காருவாங்க?”

“அவதான்.”

“எவ்ளோ நேரம்?”

“எட்டு மணி நேரம் இருக்கும்,” என்றார் பெருமையாக.

“கூலி?”

கலியாணசுந்தரம் சிரித்த சிரிப்பில் ஓட்டிலிருந்த புறா பறந்து போனது. “கட்ன பொண்டாட்டிக்கு எவனாவது கூலி குடுப்பானாம்மா? அதுவும் அது ஒரு வேலையா? சும்மா உக்காந்து நாடா தள்றது. தூங்கிக்கினே செய்யலாம்.”

அப்போதுதான் பெரியநாயகி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த வலது பக்கத்தில் உட்கார்ந்தவள். அதிகம் பேசமாட்டாள். பேசுகிற பங்கையும் சேர்த்துப் புருஷனே பேசிவிடுவதால் அவசியம் ஏற்பட்டதில்லை.

“ஏம்மா, ஒண்ணு கேக்கட்டா? இதே நாடாவ பக்கத்து ஊட்டு தறியில போயி தள்ளுனா உன் பொட்டியில இன்னான்னு எழுதுவ?”

“அது கூலி வேலைக்கா. நீங்க தொழிலாளி.”

“எங்க தறியில தள்ளுனா?”

“கூலியில்லாத குடும்ப உழைப்பு.”

“நாடா ஒண்ணுதான?”

“ஆமாக்கா. வீடுதான் வேற.”

“அப்படியா,” என்றாள் பெரியநாயகி. “இன்னும் கொஞ்சம் காபி ஊத்தட்டா?”

அவ்வளவுதான் பேசினாள். கலியாணசுந்தரம் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை சாயந்திரம் சேலையைத் தறியிலிருந்து அறுத்து முதலாளி ராமராஜனிடம் கொடுத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். இன்னும் ஒரு கெஜத்துக்கு மேல் பாக்கி. “அன்னிக்கு சேலை வரலன்னா அடுத்த பாவு உனக்கு கெடையாது, வேற தறிக்குப் போயிடும்,” என்று ராமராஜன் முகத்துக்கு நேரேயே சொல்லியிருந்தார். நெய்ய முதலாளி தருகிற நூல்தான் பாவு; அது வராத தறி வெறும் மரம்.

“நாயகி! வா, உக்காரு!”

பெரியநாயகி வந்தாள். இஸ்திரி போட்ட புடவை. தலையில் பூ. கையில் டிபன் பாக்ஸ்.

“எங்க கெளம்பிட்ட?”

“வேலைக்கு.”

“இன்னா வேலை?”

“நம்ம தினகரன் ஊட்ல கோர்வைக்கு. நாள் கூலி பேசிட்டேன். அஞ்சு மணிக்கு வந்துடுவேன்.”

பக்கத்து வீட்டுக்குப் போக அவளுக்கு மொத்தம் ஏழு அடி. அந்த ஏழு அடியையும் கலியாணசுந்தரம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பிளந்த வாயை மூடுவதற்குள் தினகரனின் மனைவி இளவரசி உள்ளே வந்தாள். அவள் கையிலும் டிபன் பாக்ஸ்.

“வணக்கம்ணா. வலது பக்கம்தான?”

“நீ எதுக்கும்மா இங்க?”

“கூலிக்குணா. எங்க ஊட்ல தள்ளுனா உழைப்பாம், உங்க ஊட்ல தள்ளுனா வேலையாம். பெரிநாயகி அக்காதான் சொன்னாங்க. நாள் கூலி சாயந்திரமே குடுத்துடணும்ணா.”

துரத்திவிடலாம் என்றால் சேலை? வெள்ளிக்கிழமை? ராமராஜன்? பல்லைக் கடித்துக்கொண்டு, “உக்காரும்மா,” என்றார்.

இளவரசி உட்கார்ந்தாள். வேலைக்கு வந்த இடத்திலும் அவள் இளவரசிதான். பத்து இழை ஓடுவதற்குள் கை வலித்தது. பதினொரு மணிக்குத் தறியை நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இன்னாம்மா?”

“டீ.”

“டீயா?”

“வேலைக்கு வந்த ஆளுக்கு தறிக்காரர் ஊட்ல ரெண்டு வேளை டீ குடுக்கணுமில்ல? ஊர் வழக்கம்தானணா.”

வழக்கம்தான். தறிக்கு வந்த ஆளுக்கு டீ கொடுக்காத வீடு என்று பெயர் எடுத்தால் தெருவில் தலைகாட்ட முடியாது. கலியாணசுந்தரம் எழுந்து போனார். ஐம்பது வயதில் முதல்முறையாகத் தன் வீட்டில் டீத்தூள் டப்பா எங்கே இருக்கிறது என்று தேடினார். மிளகாய்த்தூள் கிடைத்தது, சீயக்காய் கிடைத்தது. டீத்தூள் கிடைப்பதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

ஐந்து மணி அடித்ததும் இளவரசி, பாதி இழையில் நாடாவை வைத்துவிட்டுக் கூலியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். ஐந்து பத்துக்குப் பெரியநாயகி வந்தாள். ஃபேனுக்குக் கீழே அதே நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

“அப்பாடா! ஒடம்பெல்லாம் அசதி. ஒரு காபி குடுங்க.”

“நானா?”

“நான் இப்பதான வேலைய வுட்டு வரேன்?”

இது அவர் தினமும் சொல்கிற வாக்கியம். ஒரு எழுத்துகூட மாறாமல் அவள் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காபி வரவில்லை. அன்றுதான் அவருக்கு அது புரிந்தது: காபி தானாக வருவதில்லை.

மூன்று நாளில் சேலை ஒன்றரைச் சாண்தான் வளர்ந்தது. புதன்கிழமை சாயந்திரம் கலியாணசுந்தரம் தினகரனைத் தெருமுனை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“தினகரா, இதை இப்படியே வுட்டா ரெண்டு பேரும் நாசமா போயிடுவோம்.”

தினகரன் டீயை ஆற்றினான். “எனக்கு ஒண்ணும் கொறை இல்லணா. அண்ணி கை பட்டதிலிருந்து என் தறி பறந்துக்கினு இருக்குது. ரெண்டு நாள் வேலை ஒரு நாள்ல ஆவுது. இப்பேர்ப்பட்ட கைய இத்தினி வருஷமா ஊட்லயே மறைச்சு வெச்சுக்கினு இருந்திருக்கீங்களே!”

கலியாணசுந்தரத்துக்கு இது புதுச் செய்தி. தன் தறி வேகமாக ஓடுவதற்குத் தன் கைதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். அந்த அதிர்ச்சியை டீயோடு விழுங்கிவிட்டுத் தன் திட்டத்தை எடுத்துவிட்டார்.

“பொம்பளைங்க ஊடு மாத்துனாங்க இல்ல? நாமளும் மாறுவோம். நாளைக்கு நான் உன் தறியில உக்காருறேன், நீ என் தறியில உக்காரு. அப்ப உன் பக்கத்துல யாரு? உன் பொண்டாட்டி. என் பக்கத்துல யாரு? என் பொண்டாட்டி. புருஷன் பொண்டாட்டி பக்கத்துல பக்கத்துல உக்காந்தா கூலி ஏதுபா?”

தினகரன் யோசித்தான். “உங்க சேலைய நான் நெய்யணும், என் சேலைய நீங்க நெய்யணும். அப்படித்தான?”

“ரெண்டே நாள். வெள்ளிக்கெழமை சேலை எறங்கிடும். பொம்பளைங்களும் அலுத்துப் போயி அவங்கவங்க ஊட்டுக்குத் திரும்பிடுவாங்க. எப்படி மூளை?”

மூளை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை அவர் சொன்னது அந்த வாயால். டீக்கடையில் இருந்தவர்கள், எதிரே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள், கோயிலுக்குப் போன கூட்டம், எல்லோரும் கேட்டார்கள். அவர் வீடு வந்து சேர்வதற்கு முன்பே திட்டம் வந்து சேர்ந்துவிட்டது.

வியாழக்கிழமை எட்டே முக்காலுக்கெல்லாம் அவர் தினகரன் வீட்டுத் தறியில் போய் உட்கார்ந்துகொண்டார். பெரியநாயகி வந்ததும் அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு அத்தனை ஆசை. ஒன்பது ஆனது. ஒன்பதே கால் ஆனது. வந்தது தினகரன்.

“நீ ஏன்டா வந்த? என் ஊட்டுக்குப் போவல?”

“போனேணா. அங்க எடம் இல்ல.”

“எடம் இல்லியா?”

“ரெண்டு பக்கமும் ஆள் இருக்குது.”

கலியாணசுந்தரம் வேட்டி தடுக்கத் தடுக்க ஓடினார். தன் வீட்டு வாசலில் நின்று பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

வலது பக்கத்தில் இளவரசி. நடுவில், அவருடைய பலகையில், அவருடைய குழியில் காலை விட்டுப் பெரியநாயகி உட்கார்ந்திருந்தாள். மிதி அமுங்கியது, நாடா பறந்தது, இழையை நெருக்கும் பலகை அடித்தது. இளவரசியின் கையும் இப்போது தடுமாறவில்லை. அவள் திணறினால் பெரியநாயகி அரை நொடி நின்று, கண்ணால் காட்டி, மறுபடி ஓட்டினாள்.

கலியாணசுந்தரம் வாசலிலிருந்தே கத்தினார். “நாயகி! எறங்கு! முதலாளி சேலை அது! உனக்கு நெய்யத் தெரியுமா?”

“தெரியுமே,” என்றாள் அவள், கையை நிறுத்தாமல்.

“எப்ப கத்துக்கின?”

“நீங்க டீ குடிக்கப் போறப்பதான். எழுந்து எழுந்து ரெண்டு பக்கமும் நானே மாறி மாறி உக்காந்து ஓட்டுவேன். ஒரு மணி நேரம் கழிச்சு வருவீங்க. சேலை ரெண்டு விரல் வளந்திருக்கும். அது தானா வளந்துதுன்னு நெனச்சீங்களா?”

தானாகத்தான் வளர்கிறது என்று அவர் நினைக்கவில்லை. தன் கைராசி என்று நினைத்திருந்தார். அந்த நிமிஷத்தில் இருபத்திரண்டு வருஷத்துச் சேலைகள் எல்லாம் அவர் கண்முன் வந்து போயின. அதில் எத்தனை விரல் தன்னுடையது என்று தெரியாமல், நிஜமாகவே அவருக்கு அழுகை வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்கூட இல்லை. சண்டை போட்டால் தறி நிற்கும். வாயை மூடிக்கொண்டு திரும்பி நடந்தார். தெருவே அதை அதிசயமாகப் பார்த்தது.

தினகரன் வீட்டில் இரண்டு ஆண்கள், ஒரு தறி. தறி தினகரனுடையது என்பதால் நடுவில் தினகரன் உட்கார்ந்தான். மிச்சம் இருந்தது வலது பக்கம்.

தூங்கிக்கொண்டே செய்கிற வேலையைக் கலியாணசுந்தரம் கண்ணை அகல விழித்துக்கொண்டு செய்தார். நாடா வரும்போது கை போகவில்லை. கை போகும்போது நாடா போய்விட்டிருந்தது. பத்து மணிக்கு ஒரு இழை அறுந்தது. பத்தே காலுக்கு மூன்று. கரை ஒரு பக்கம் இழுத்தது, உடம்பு இன்னொரு பக்கம் இழுத்தது. முதுகு இரண்டையும் தாண்டி இழுத்தது.

“அண்ணா, கொஞ்சம் பாத்து தள்ளுங்க.”

“தள்ளிக்கினுதானபா இருக்குறேன்!”

“நீங்க தள்ளலணா, தடவுறீங்க.”

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு ராமராஜன் பைக் வந்து நின்றது. கலியாணசுந்தரம் ஒற்றைக் கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். சேலை அறுத்து மடித்துத் தயாராக இருந்தது. ராமராஜன் அதைப் பிரித்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். கரையும் உடம்பும் சேர்கிற இடத்தில் விரலால் தடவிக்கொண்டே போனார்.

“கடைசி அரை கெஜம் யார் கைம்மா?”

“என் கைதாங்க,” என்றாள் பெரியநாயகி.

“எங்க கோத்துதுன்னே தெரியல. அடுத்த பாவு நாளைக்கு வந்துடும். பாவு சீட்டுல உன் பேரையே எழுதிக்கிறேன்மா.”

பைக் போனது. தறி தப்பித்தது. கலியாணசுந்தரத்துக்கு வந்த நிம்மதியில், பேர் யார் பேர் என்பதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எது எப்படியோ, பாவு வீட்டுக்குத்தானே வருகிறது! இடுப்பை நீவிக்கொண்டே கேட்டார்.

“அப்ப நாளைலேந்து நான் நம்ம தறியில உக்காரலாம் இல்ல?”

“நம்ம தறியில நானும் இளவரசியும் உக்காருறோம். நீங்க சும்மா இருக்க வேணாம்னு தினகரன்கிட்ட பேசிட்டேன். ஒம்போது மணிக்கு கோர்வைக்கு வந்துடணுமாம்.”

கலியாணசுந்தரத்துக்கு மறுபடி வாய் பிளந்தது. ஆனாலும் இந்த ஒரு வாரத்தில் அவரும் ஒரு பாடம் கற்றிருந்தார். பக்கத்து வீட்டில் போய்ச் செய்தால் அது வேலை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டார்.

“கூலி எவ்ளோ பேசின?”

பெரியநாயகி புதுப் பாவுக்காகத் தறியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“பழகற வரைக்கும் கூலி கெடையாதாம்.”