மாடசாமி காணாமல் போன வியாழக்கிழமை

இரண்டாயிரத்து ஒன்பதில் எங்கள் மராத்தி ஊரான தேஹு ரோடில் ஒரு மனிதருக்கு மூன்றாவது கண் திறந்திருந்தது. வியாழக்கிழமை தோறும் காலை பத்து மணிக்குத் திறக்கும். பதினொன்றுக்கு மூடிக்கொள்ளும். நடுவில் ஊதுபத்தி விளம்பரத்துக்காக இரண்டு முறை இமைக்கும்.

கண்ணுக்குச் சொந்தக்காரர் திரிகால நேத்ர சுந்தரமூர்த்தி அடிகள். அது திறக்கும் இடம் பரோசா ரேடியோ. இந்தியில் பரோசா என்றால் நம்பிக்கை. பெயர் வைத்தவர்கள் இவ்வளவு நம்பிக்கையை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

சின்ன நிலையம்தான். ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் மாடியில் மூன்று அறை, மேலே ஒரு கம்பம். ஊரையும் சுற்றுப்புறத்தையும் தாண்டிக் கேட்காது. மராத்தியும் இந்தியும் போக, வியாழக்கிழமை ஒரு மணி நேரம் தமிழ். எங்கள் பக்கத்து ஆலைகளுக்கு அன்றுதான் வார விடுமுறை. மின்சாரக்காரர்களுக்கும் அன்றுதான் கம்பியைப் பழுது பார்க்கும் ஞாபகம் வரும். ஆகவே ஜெனரேட்டர் ஓட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். ஆறு நாள் மூட்டை தூக்கிய முதுகுக்கு ஏழாம் நாள் ஜெனரேட்டர் கயிறு இழுப்பது ஓய்வு மாதிரி.

வியாழன் என்றால் எட்டு மணிக்கே வாசலில் கூட்டம். தேங்காயோடு சிலர், ஜாதகத்தோடு சிலர், சர்க்கரை வியாதி ரிப்போர்ட்டோடு சிலர். நிகழ்ச்சி முடிந்து அடிகள் இறங்கி வரும்போது காலில் விழுந்து ரட்சைத் தகடு வாங்கிப் போக வேண்டும். தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் தோஷம். நான் ஒன்றை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பின்பக்கம் ஏதோ எண்ணெய் டின்னின் பெயரில் பாதி தெரிந்தது.

இந்தப் பெருமை எல்லாம் வருவதற்கு முன்பு தமிழ் நேரத்தை ஜான்சி நடத்திக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்கு மேல் பள்ளிக்கூட டீச்சர். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, நாய் கடித்தால் எங்கே ஊசி, எந்தப் பஸ் எந்த நேரம் என்று குரல் வறளச் சொல்லுவார். ஒருத்தர் போன் பண்ணியதில்லை. ஒரே ஒரு தடவை வந்தது. அதுவும் ராங் நம்பர்.

நிலையத் தலைவர் சூர்யநாராயணன், ராணுவக் கணக்கு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். கடிதம் வந்தால் சந்தோஷப்படுவார், வராவிட்டால் வாடிவிடுவார். அடிகள் வந்தபிறகு கடிதங்களை அட்டைப் பெட்டியில் கட்டிவைக்க வேண்டியதாயிற்று. அவரும் தளிர்த்துவிட்டார்.

மகிமை இதுதான். நேயர் போனில் வணக்கம் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அடிகள் ஆரம்பித்துவிடுவார். உன் வீட்டில் ஒரு கன்னிப்பெண் இருக்கிறாள், அவளுக்குக் கடிதம் ஒன்று வந்திருக்கிறது, உன் வலது முழங்காலில் வலி. எதிர்முனையில் அழுகை. ரேடியோ வைத்திருந்த வீடுகளில் எல்லாம் மயிர்க்கூச்செறியும்.

அந்த ஞானக்கண்ணை நாலாக மடித்து அறைக்குள் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

நடந்தது ரொம்பச் சாதாரணம். போன் மணி அடித்தால் வெளியறையில் ஜெபகுமார் எடுப்பார். ஒலிப்பதிவு, வயர், போன் எல்லாவற்றுக்கும் அவர்தான். முதலில் ரேடியோவை அணைக்கச் சொல்லுவார். நேயர் வீட்டு ரேடியோ ஓடினால் அதன் சத்தம் போனில் ஏறித் திரும்பவும் ஒலிபரப்பில் கூவும். பிறகு, லைன் கிடைக்கிற வரைக்கும், பெயர், இடம், விஷயம் கேட்டு ஒரு சீட்டில் எழுதுவார். சினிமாப் பாட்டு கேட்கிறவர்களுக்கும் இதே சீட்டு, மராத்தி டாக்டர் நிகழ்ச்சிக்கும் இதே சீட்டு. சீட்டை நான் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே வைப்பேன். நிலையத்தில் யாரும் இதைப் பித்தலாட்டம் என்று நினைத்ததே இல்லை. ரேடியோ அப்படித்தான் நடக்கும்.

ஜனங்கள் ஜெபகுமாரை ஓர் ஆளாகவே கணக்கில் சேர்க்கவில்லை. அவர் ஏதோ எக்ஸ்சேஞ்ச் மாதிரி. அவரிடம் ஐந்து நிமிடம் குடும்பக் கதை முழுவதும் சொல்லி, மூக்கைச் சிந்துவார்கள். அடுத்த நிமிடம் அடிகள் அதையே திருப்பிச் சொன்னால், சாமிக்கு எப்படித் தெரிந்தது என்று மறுபடி மூக்கைச் சிந்துவார்கள்.

நானும் ஆறு மாதம் என்ன கொண்டுபோகிறேன் என்று தெரியாமல்தான் கொண்டுபோனேன். அப்போதுதான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். ஜெபகுமாரின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். படிக்கப் பழக வசதி. பழகினபிறகு ஜான்சி டீச்சரிடம் சொன்னேன். அவருக்கு முன்பே தெரியும். சூர்யநாராயணனிடம் கேட்டிருக்கிறார். சீட்டு வெறும் பெயருக்குத்தான், பார்வை தனியாக வருகிறது என்று அடிகள் சொன்னதை அவர் நம்பினார். பெட்டியில் அத்தனை கடிதம் இருக்கும்போது நம்பத்தானே தோன்றும்.

பக்கத்து வீட்டு மாடசாமியிடமும் சொன்னேன். ஆலையில் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவன், திருநெல்வேலிக்காரன், அடிகளின் முதல் தர பக்தன்.

"நீரு சீட்டு தூக்குத ஆளு வே. உமக்கு எல்லாமே சீட்டாத்தான் தெரியும்," என்றான்.

அந்த மாடசாமிதான் ஒரு வியாழக்கிழமை போன் பண்ணினான். மகள் கோதைக்குக் கராடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அவர்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் முதல் வேலை. பதினொரு நாள் கழித்துத் திங்கட்கிழமை சேர வேண்டும். தவறினால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள். நல்லபடி ஆசி வாங்கலாம் என்றுதான் பண்ணினான். ஆசி கொடுத்தால் தகடு எப்படிப் போகும்? விசாக நட்சத்திரக்காரிக்கு இந்த ஆண்டு கிழக்குத் திசை ஆகாது என்று கண் சொல்லிவிட்டது. கராடி எங்களுக்குக் கிழக்கு. ஒரு மண்டலம் பூஜை செய்து, தகடு கட்டி, அதற்குப் பிறகு போகலாமாம்.

மாடசாமி கம்பெனிக் கடிதத்தை எடுத்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டான். கோதை அழவில்லை. இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கு நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான்; அங்கே பேச்சு நின்றால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாம் நாள் தண்ணீர்க் குழாயடியில் அவன் மனைவி விசாலாக்ஷி என்னைப் பிடித்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எண்ணே, ரேடியோவுல போனை மொதல்ல யாரு எடுக்கா?"

சொன்னேன். சீட்டையும் சொன்னேன். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"கோதைக்கு அனுசம். எங்க நாத்தனாருக்குத்தான் விசாகம். இந்த மனுசன் பதட்டத்துல போன்ல விசாகம்னு சொல்லிட்டாரு. நான் அடுப்படியில நின்னு கேட்டேன். சாமியும் விசாகம்னே சொல்லுதாரு. இவருக்கு மறந்தா ஞானக்கண்ணுக்கும் மறந்துருமாண்ணே?"

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பொம்பளை. பெட்டி நிறையக் கடிதம் எழுதின அத்தனை பேருக்கும் தோன்றாத கேள்வி அது. புருஷனிடம் கேட்டாளாம். பெரியவர்கள் சொன்னால் காரணம் இருக்கும் என்றானாம். ஒருவேளை கோதை பிறந்ததே விசாகத்தில்தானோ, ஆஸ்பத்திரிக் கடிகாரம் தப்போ என்றும் யோசித்தானாம். பெற்றவள் எதிரிலேயே.

அடுத்த வியாழன் வந்தது. கோதை வேலைக்குச் சேர இன்னும் நான்கே நாள். மின்சாரம் வழக்கம்போல் இல்லை. நான் கயிறு இழுத்துவிட்டு வெளியறையில் நின்றேன். அதே நேரம், பிறகு விசாலாக்ஷி சொன்னபடி, மாடசாமி தன் வீட்டில் பேட்டரி ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு, அவல் சாப்பிட்டபடி, முகம் வழித்த கையோடு உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் என் வீட்டுக்குள் போய்ச் செல்போனை எடுத்தாள்.

ஜெபகுமார் எழுதினார். எழுதும்போதே அவர் முகம் இரங்கியது. சீட்டை வாங்கி வெளியிலேயே எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'விசாலாக்ஷி, தேஹு ரோடு. கணவர் போர்க்லிப்ட் டிரைவர். மூன்று நாளாகக் காணவில்லை.' கைகூசாமல் உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

அடிகள் கண்ணை மூடினார். மூடுவதற்கு முன் சீட்டைப் பார்த்துக்கொண்டார்.

"தாயே, பேசாதே. விசாலமான கண்ணை உடைய அம்பாளின் பெயர் உனக்கு. இரும்பு யானை மேல் அமர்ந்து பாரம் சுமக்கிறவன் உன் கணவன். அவன் வீட்டில் இல்லை. சரிதானே?"

சரிதான் என்றாள் விசாலாக்ஷி. குரலில் கொஞ்சம் நடுக்கம் இருந்தது. அழுகை என்று நினைத்து ஜெபகுமார் தலையைக் குனிந்துகொண்டார்.

அடிகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. சீட்டில் இல்லாததையும் பார்க்கத் தொடங்கினார். வடக்கே ஓர் ஆற்றங்கரை தெரிகிறது. அங்கே தாடி வளர்ந்து, பசியோடு, அறிவு மயங்கிக் குந்தியிருக்கிறான். நாற்பத்தோரு நாளில் திரும்புவான். அதற்குள் தகடு கட்டாவிட்டால் உயிருக்கே...

அப்போது ஒலிபரப்பில் ஒரு கூவல் எழுந்தது. காதைத் துளைக்கிற கீச்சு. ஜெபகுமார் பழக்கத்தில் மைக்கில் வாய் வைத்தார்.

"அம்மா, ரேடியோவை அணைங்க. பக்கத்துல யாரோ ரேடியோவோட வராங்க."

வந்தது மாடசாமி. தான் ஆற்றங்கரையில் பசியோடு குந்தியிருக்கும் செய்தியை அவல் தட்டோடு கேட்டவன், வழித்த தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, மனைவியின் குரல் வந்த வீட்டுக்கு ரேடியோவோடேயே நடந்துவிட்டானாம். கூவல் நின்றது. பிறகு ஊர் முழுக்கக் கேட்டது.

"சாமி, காணாமப் போனவன் பேசுதேன்."

அடிகள் லேசுப்பட்டவரா? தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மகனே, உன் உடல் வீட்டில் இருக்கிறது, நான் கண்டது உன் உள்ளத்தை, என்றார்.

"உள்ளத்துக்குத் தாடி வளருமா சாமி? சரி, அது கெடக்கட்டும். போன வாரம் எம் மவளைப் பத்திச் சொன்னீயளே. அவ என்ன நட்சத்திரம்? இப்ப பார்த்துச் சொல்லுங்க. சொல்லிட்டா அவ காலம் பூரா வேலைக்கே போவ வேண்டாம்."

அடிகள் கண்ணைத் திறந்தார். மூன்றாவது கண்ணை அல்ல, சாதா இரண்டையும். திறந்து கதவைப் பார்த்தார். கதவில் நான் நின்றேன். என் கை இரண்டும் காலி. நாலு வினாடி, ஐந்து வினாடி. ரேடியோவில் ஐந்து வினாடி மௌனம் என்பது ஒருத்தரை உரித்து நிறுத்துகிற நேரம். பாட்டுப் போடு என்று சூர்யநாராயணன் கண்ணாடிக்கு வெளியே கையை ஆட்டினார். ஜெபகுமார் பார்க்காத மாதிரி வயரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளியறையில் நின்ற ஜான்சி உள்ளே போய் மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். ரேஷன் கார்டு விவரம் சொல்லுகிற அதே குரலில் சொன்னார்.

"நேயர்களே, நீங்க போன்ல முதல்ல பேசுறது எங்க ஜெபகுமார்கிட்ட. நீங்க சொல்றதை அவர் எழுதுறார். அந்தச் சீட்டைத்தான் இவர் படிக்கிறார். இன்னைக்கு அந்தம்மா பொய் சொன்னாங்க, சீட்டுல பொய் எழுதியிருந்தது, கண்ணுக்கும் பொய்தான் தெரிஞ்சுது. அடுத்து, கோதுமை எப்போ வரும்னு பார்ப்போம்."

அடிகள் பின் படியால் இறங்கினார். வாசல் கூட்டம் முன் படியில் காத்திருந்தது. தகடு மூட்டை மாடியிலேயே கிடந்தது; அடுத்த வாரம் பழைய இரும்புக்காரன் எடுத்துப்போனான். ரஞ்சன்காவ் பக்கம் கண் மறுபடி திறந்திருப்பதாகக் கேள்வி. சூர்யநாராயணன் ஒரு வாரம் கடிதப் பெட்டியைத் திறக்கவே இல்லை. பிறகு ஜான்சிக்கு அவரே ஒரு நேயர் கடிதம் எழுதிப் போட்டார். கையெழுத்தை மாற்றத் தெரியவில்லை, பாவம்.

திங்கட்கிழமை காலை சாமி படத்துக்குப் பின்னாலிருந்து மாடசாமியே கடிதத்தை எடுத்துக் கொடுத்தான். கோதை கிழக்கே போனாள். சாயங்காலம் மேற்கே திரும்பி வந்தாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை என்பதைத் தவிர வேறு தோஷம் எதுவும் தட்டுப்படவில்லை.

நான் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வியாழன் வாசலில் பழைய கூட்டத்தைப் போல் இரண்டு மடங்கு. நிக்டியிலிருந்து வந்த ஓர் அம்மாள் சொன்னார்: மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த ஓர் ஆளை அடிகள் இரண்டே நிமிடத்தில் போன் லைனிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டாராம். நான் விளக்கிச் சொன்னேன், சீட்டைக் கொண்டுபோனவனே நான்தான் என்றும் சொன்னேன். அந்த அம்மாள் கைகூப்பி என்னைக் கேட்டார், அந்தச் சீட்டில் ஒன்று கிடைக்குமா, தாயத்துக்குள் வைத்துக்கொள்ள.

அதிலிருந்து ஒன்று மட்டும் எல்லோருக்கும் சொல்லுகிறேன். ஜெபகுமார் போனில் தினமும் சொல்லுகிற வார்த்தைதான். ரேடியோவை அணைத்துவிட்டுப் பேசுங்கள். கொஞ்சம் அமைதியானால் அவரவர் தலைக்குள் ஏதாவது ஓடுகிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.