ஈரலுக்கு ஒரு ‘கூடும்’

ஈரலைக் காப்பதற்கென்றே ஓர் அரசு அலுவலகம் பிறந்த பெருமை உலகில் காலிக்கு மட்டுமே உண்டு. காலி என்று நான் சொல்வது ஊரை; அலுவலகத்தின் நிலைமையை அல்ல. அதன் பெயர் ‘கறுவா நலப் பிரிவு’; சமையலுக்குப் போடும் பட்டையான கறுவாதான் அங்கே மருந்து. பணிப்பாளர் லியனகம சேர். அவருடைய சிங்களத்தைத் தமிழாக்கும் புண்ணியம் எனக்கு வாய்த்தது.

சேரின் வயிறு அவருக்கு முன்பே கூட்டங்களுக்கு வந்து சேரும். ஒருநாள் டாக்டர் வீரக்கொடி அவரது ஸ்கேனைப் பார்த்தார். துணைக்குப் போனவன் நான்.

“ஈரல் முழுக்கக் கொழுப்பு சேர். இப்படியே போனா சுருங்கிப்போயிரும். பிறகு எங்களால ஒண்டும் செய்ய ஏலாது.”

“கறுவா குடிச்சா?”

“கொஞ்சம் குறையக்கூடும் எண்டு சில ஆய்வுல இருக்கு. ஆனா சாப்பாட்டக் குறைக்கணும், நடக்கணும்.”

முதல் பாதி மட்டும் சேரின் காதில் விழுந்தது. பெரிய காரியம் செய்பவர்களுக்கு அவ்வளவு போதும்.

மறுநாளே ‘உயர்மட்டக் கூட்டம்’. மேசையில் பாற்சோறு, கட்டசம்பல், எண்ணெய் சொட்டும் பணியாரம். நடுவில் சிங்களத்திலும் தமிழிலும் எங்கள் துண்டுப்பிரசுரம். ‘கறுவாவால் ஈரல் கொழுப்பு குறையக்கூடும்’ என்று எழுதியிருந்தேன். சேருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். அதுதான் ஆபத்து.

“மிஸ்டர் தம்பிராசா, கூடும் எண்டா அதிகமாகும்தானே? குறையுமா, கூடுமா? ஒண்டச் சொல்லுங்க.”

“அது வேற கூடும் சேர். நடக்கலாம், நடக்காமலும் போகலாம் எண்ட கூடும்.”

“அப்ப இன்னும் மோசம். அரசாங்கம் சந்தேகப்படலாமா? வெட்டுங்க.”

தமிழில் நான் வெட்டினேன்; சிங்களப் பிரசுரத்திலிருந்த சந்தேகத்தைச் சேர் தன் கையாலேயே வெட்டினார். ‘குறையும்’ என்ற உறுதியோடும் சேரின் சிரித்த படத்தோடும் அது ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போனது.

அன்றிலிருந்து சாப்பாடு எங்களுக்குத் தேசியக் கடமை. காலையில் கறுவாத் தண்ணீர், பின்னாலேயே பாற்சோறு. பகலில் காரமாகப் பிரட்டிய பன்றி டெவில், மேலே ஒரு சிட்டிகை கறுவாத்தூள். பின்னேரம் சாராயத்தில் ஒரு கறுவாக்குச்சி. குச்சி விழுந்ததும் அது ‘கஷாயம்’.

“பயப்படாம சாப்பிடுங்க. கறுவா பாத்துக்கொள்ளும்.”

கறுவா பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அடுத்த ஸ்கேனில் கொழுப்பு கூடியிருந்தது.

சேர் அரண்டுபோனார். எனக்கே பாவமாக இருந்தது. பாற்சோறு நின்றது, ‘கஷாயம்’ நின்றது. விடியற்காலையில் கோட்டை மதில்மேல் மூச்சு வாங்க நடந்தார். சில மாதத்தில் வயிறு உள்ளே போனது, ஈரலும் தப்பியது.

அந்த நல்ல செய்தியைக் கேட்டு டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்தோம். வாசல் வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த பருத்த பெண் ஒருத்தி, நந்தாவதி என்று பெயர், எங்கள் பிரசுரத்தை நீட்டினாள். அவள் கண் மஞ்சளாக இருந்தது.

“மாத்தயா, இந்தப் படத்தில நீங்கதானே? உங்கள நம்பித்தான் டாக்டர் தந்த குளிசையெல்லாம் நிப்பாட்டிப்போட்டு இதையே குடிக்கிறன். குறையும்தானே?”

சேர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார், படத்தில் இருந்த அதே சிரிப்பு.

“குறையும், குறையும்.”

காரில் ஏறியதும் கேட்டேன். “சேர், அந்தக் ‘கூடும்’ஐத் திருப்பிப் போடுவமா?”

“எல்லாம் அச்சடிச்சு முடிஞ்சுதே ஐசே. படமும் நல்லா வந்திருக்கு.”

சேரின் ஈரலில் கொழுப்பு குறைந்துவிட்டது. மற்றக் கொழுப்பு கூடிவிட்டது. அதற்குத்தான் நந்தாவதி கறுவா குடித்துக்கொண்டிருக்கிறாள்.