சோயாச் சாம்ராச்சியத்தின் வீழ்ச்சி

சத்துணவுத் துறையின் சர்வதேச வழிகாட்டியும் என் ஒரே தங்கையின் மூத்த மகளுமாகிய தர்சினிக்கு,

ஏழாலையிலிருந்து மாமா எழுதுவது. எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் மரியாதை. பொய்யோடு தொடங்கக் கூடாதென்பதால், நான் நலம், ஆடு நலம், உன் மாமி ஞானாம்பிகை அரைநலம் என்று பிரித்து எழுதுகிறேன். லண்டன் குளிரைப் பிறகு விசாரிக்கிறேன். முதலில் நீ செய்த வேலையைக் கேள்.

டெங்குக் காய்ச்சலில் படுத்தெழும்பிய மாமி கிணற்றடிக்குப் போகவும் சுவரைப் பிடிக்கிறா என்று நான் சொன்னபோது, நீ தொலைபேசியில் பிரசங்கம் செய்தாய். "மாமிக்குப் புரதம் காணாது, குறைவு மாமா. மச்சம் மாமிசம் தொடாத ஆளுக்குச் சோயாதான் வழி. நூறு கிராம் காய்ஞ்ச விதையிலை முப்பத்தாறு கிராம் புரதம், இறைச்சிக்குச் சமன்." நான் விட்ட பெரும் பிழை, அந்தக் கடைசிச் சொல்லை மாமியிடம் அப்படியே ஒப்புவித்தது. கடைச் சோயாமீற்றைக் கறியாக்கி வைத்தேன். ஒரு வாய் கடித்தா, கோப்பையைத் தள்ளினா. "இஞ்சாருங்கோ, உது பல்லிலை இறைச்சி மாதிரியே இழுபடுது. இறைச்சி வேஷம் போடுறதும் எனக்கு இறைச்சிதான்." அன்றிலிருந்து கஞ்சித்தண்ணி மட்டும்.

மண்ணில் முளைப்பதைக் கண்ணால் கண்டால் நம்புவா என்று, சித்திரையிலே என் வெங்காயக் குடிமக்களை நாடு கடத்தி, மாமியின் யன்னலுக்கு நேரே சோயா விதைச்சு, கிணறு வத்துமட்டும் இறைச்சன். செடி பனையைத் தொட்டுது (சரி, என்ரை இடுப்பைத் தொட்டுது). இலை மூண்டு மூண்டாய் விரிஞ்சு, காயும் பிடிச்சுது. காயைச் சுத்திச் சுணை. மாமி யன்னலாலை எட்டிப் பார்த்தா. "பார்த்தியளே, மயிர் முளைச்சிருக்கு. உது மிருகந்தான்!"

ஆடி பிறக்க இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டுண்டுது. பயிர் செத்துப் போச்செண்டு தலையிலை கை வைச்சன். பக்கத்து வீட்டு அருளம்பலம் அண்ணை வந்து ஒரு காயைப் பிடுங்கி என்ரை காதடியிலை ஆட்டினார், கிலுகிலுத்துது. "தம்பி, இது சாவில்லை, விளைச்சல். இலை கொட்டினாப் பிறகுதான் வெட்டவேணும். இண்டைக்கே வெட்டு, விட்டால் வெயிலுக்கு வெடிக்கும்." உடனே யன்னலுக்குள்ளாலை ஒரு குரல். "இண்டைக்கு அட்டமி, நாளைக்கு நவமி. கத்தி வைக்கக் கூடாது!" பிள்ளை, அவ அப்பிடி அதட்டி எவ்வளவு காலம்! அந்தச் சந்தோசத்திலை கத்தியைக் கீழை போட்டிட்டன்.

நவமி மத்தியானம், சோளகக் காத்தும் வெயிலும் சேர, வெடிச்சுது பார்! காங்கேசன்துறையிலை நிண்ட கப்பல் நங்கூரம் தூக்கியிருக்கும். பூனை, சண்டைக்காலத்திலை செல்லடிக்குப் பதுங்கின பங்கரைத் தேடி ஓடினது. ஒரு நொடி என்ரை காலுக்கும் பழைய பழக்கம் வந்துபோனது, அதை விடு. திரும்பிப் பார்த்தால், மாமி சுவரும் பிடிக்காமல் முற்றத்துக்கு வந்து, செம்மண்ணிலை குந்தி, சிதறின விதையைச் சீலைத் தலைப்பிலை பொறுக்கிறா. "பார்த்துக்கொண்டு நிக்கிறியளோ? பொறுக்குங்கோ!"

பொறுக்கினதிலை கொஞ்சத்தை ஊறவிட்டு, பச்சையாய்த் திண்டால் செமிக்காதெண்டு பஞ்சாய் மசியுமட்டும் அவிச்சு வைச்சன். முகத்தைத் திருப்பிக்கொண்டா. "அப்ப ஆட்டுக்குத்தான்" எண்டு வீடதிரச் சொல்லியும் பார்த்தன், அசையேல்லை. ஆகவே சோயாச் சாம்ராச்சியம் இன்றோடு கலைக்கப்படுகிறது. இனி அந்தப் பெயரை நீ எடுத்தால் தொலைபேசியை வைத்துவிடுவேன். மாமியின்ரை கைக்காப்பு இப்ப முழங்கைவரை ஏறுது, பிள்ளை. இந்த ஒரு வரியிலை மட்டும் நான் கூட்டிச் சொல்லேல்லை.

நீயும் உன் வீட்டாரும் கீரிமலை ஊற்றுப்போல் வற்றாதிருக்க நகுலேசுவரர் காக்கட்டும்.

இப்படிக்கு,
முடியிழந்த சோயாச் சக்கரவர்த்தி,
நல்லதம்பி மாமா

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல், ஆட்டுக்குப் போட அவியலை எடுக்கக் குசினிக்குப் போனன். சட்டி வெறுமை. மாமி கை கழுவிக்கொண்டு நிக்கிறா. "நான் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கினதை ஆட்டுக்குக் குடுப்பியளோ? உப்புக் காணாது." மேலே எழுதியதெல்லாம் ரத்து. சோயாவுக்கு வரிசைக்கு வரிசை எவ்வளவு இடைவெளி விடவேணும் எண்டு உடனே கேட்டுச் சொல்லு. வெட்டுற நாளை இனி அருளம்பலம் அண்ணையே சொல்லட்டுமாம்.