சாய்வு நாற்காலியும் தென்றல் பொத்தானும்

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தம் பழைய சாய்வு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு, உலகத்தையே ஜெயித்துவிட்ட தெம்போடு உட்கார்ந்திருந்தார். லேசான வெற்றியா என்ன? மனைவி 'சோபா' என்ற சொல்லையே எடுக்காமல் முழுசாக ஒரு வாரம் ஓடிவிட்டது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிச் சொல்லியே குடும்பம் நடத்தியவர். இந்தத் தடவை விழவே இல்லை. அந்தப் பூரிப்பில் காபி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

இணையம் பார்க்கிற பிரவுசர் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. பொத்தான்களுக்குப் பெயர் வைப்பது. ஆபீஸில் எல்லோரும் பெயர்சூட்டி என்றே கூப்பிடுவார்கள், அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டிருந்தார். விளம்பரங்களைத் தடுக்கும் வசதிக்கு அவர் வைத்த பெயர் 'தென்றல்'. பக்கத்தில் வேண்டாத பகுதியைத் தொட்டால் அதை மட்டும் மறைத்துவிடும் வசதிக்குப் பெயர் 'சிற்பி'. தென்றலை அமுக்கினால் விளம்பரம் போகும் என்று எந்த மனுஷனுக்கு ஐயா தெரியும் என்று மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். திங்கட்கிழமை வரும்போது புரிகிற மாதிரி எழுதிக்கொண்டு வாரும் என்று கெடுவும் வைத்துவிட்டார். பெயர்சூட்டி மசியவில்லை. எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்துவிட்டால் அப்புறம் கலைக்கு என்ன மரியாதை என்பது அவர் கட்சி.

வீட்டுச் சங்கதி வேறு. மனைவிக்கு மருந்துக் கடையில் உத்தியோகம். ஒரு நாள் சும்மா, சும்மாதான், லேப்டாப்பில் ஒரு சோபாவைப் பார்த்தாள். அவ்வளவுதான், சோபாக்கள் அவளைத் துரத்த ஆரம்பித்துவிட்டன. செய்தி படித்தாலும் சோபா, மழை வருமா என்று பார்த்தாலும் சோபா. கூடத்திலோ இடம் ஒன்றுதான். சோபா உள்ளே வந்தால் நாற்காலி வெளியே போயாக வேண்டும். அந்த நாற்காலி இடது பக்கம் கொஞ்சம் சாயும், அவரும் கூடவே சாய்வார். வைத்த பெயர் அத்தனையும் அந்தச் சாய்வில் உதித்தவை. அதை இழக்க அவர் தயாராக இல்லை.

யோசித்தார். தம் கையிலேயே ஆயுதம் இருக்கும்போது யாரிடம் போய்க் கேட்பது? போன ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, தம் கம்பெனி பிரவுசரே இருந்த அவள் லேப்டாப்பில் தென்றலை வீசவிட்டார். விளம்பரங்கள் போன இடம் தெரியவில்லை. கை சும்மா இருக்குமா? அந்தப் பர்னிச்சர் கடையின் பக்கத்தைத் திறந்து, சிற்பியை ஏவி, சோபா என்று எழுதியிருந்த இடத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் செதுக்கித் தள்ளினார். கட்டில் இருந்தது, பீரோ இருந்தது. சோபாவை மட்டும் காணோம். அவள் கண்டுபிடித்து விடுவாளோ? எப்படி முடியும்? பொத்தானின் பெயர் தென்றல் அல்லவா? புரியாத பெயரின் அருமை அன்றைக்குத்தான் அவருக்கே புரிந்தது.

ஆறின காபியை அவர் வாயில் வைத்த நேரத்தில்தான் மனைவி வந்து நின்றாள்.

"ஏங்க, நாற்காலியில இருக்கற உங்க சாமானையெல்லாம் எடுத்து வெச்சிடுங்க. சோபா வந்துட்டிருக்கு. அதே வண்டியில இதை ஏத்தி அனுப்பிடலாம்."

காபி மூக்கில் ஏறியது. எந்தக் கடை என்றார். அதே கடைதான் என்றாள். அவர் குதித்தார். இந்த வீட்டில் தம் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டா இல்லையா என்று ஆரம்பித்து, அதற்கு அவள் பதில் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"பிடிக்கலைன்னா கேன்சல் பண்ணிக்கோங்க. என் லேப்டாப் அங்கதான் இருக்கு. நான் குறுக்கே வரமாட்டேன்," என்றாள் அவள், வெகு சாந்தமாக.

பாய்ந்தார். கடையின் பக்கத்தைத் திறந்தார். மேலே தேடினார், கீழே தேடினார். கேன்சல் பொத்தானைக் காணோம். வாங்கியதற்கு அடையாளமாக ஒரு வரிகூட இல்லை. மண்டையில் பளிச்சென்று அடித்தது. சிற்பி! அவர் ஆயுதத்தை அவர் மேலேயே திருப்பிவிட்டாள்.

"நீயும் சிற்பியை அமுக்கிட்டியா?"

"நீயும்னா?"

நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்கு விளக்கம் சொல்ல இது நேரமில்லை, வண்டி வந்துகொண்டிருக்கிறது. மறைத்ததைத் திரும்பக் கொண்டுவர ஒரு பொத்தான் உண்டு. அதற்கும் அவர்தான் பெயர் வைத்தார். என்ன பெயர்? 'விடியல்' என்பதை அமுக்கினார், திரை பளீரென்று வெளுத்துக் கண்ணைக் குத்தியது. 'ஊற்று' என்பதை அமுக்கினார், எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்குப் பருத்தது. 'துளிர்' என்பதை அமுக்கினார், லேப்டாப் கணீரென்ற குரலில் பீரோவின் நீள அகலத்தைப் படிக்கத் தொடங்கியது. அதை நிறுத்தும் பொத்தானின் பெயரும் மறந்துபோயிருந்தது.

வேறு வழியில்லாமல் கம்பெனியின் உதவி எண்ணுக்கே போன் போட்டார். மறைத்ததைத் திரும்ப வரவழைக்க எதை அமுக்க வேண்டும் என்று குரலை மாற்றிக்கொண்டு கேட்டார்.

"தெரியலைங்களே," என்றது மறுமுனை. "அதெல்லாம் பேர் வெச்சவருக்குத்தான் தெரியும். நாங்களே சந்தேகம்னா அவரைத்தான் கேப்போம். இன்னிக்கு லீவு, நாளைக்குக் கேட்டுச் சொல்லட்டுங்களா சார்?"

போனை வைத்தார். வியர்த்து ஊற்றியது. மனைவி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க தேடறீங்க?"

"மறைச்சதைத் திரும்பக் காட்டற பொத்தானை."

"அப்ப அதுக்கு 'மறைத்ததைக் காட்டு'ன்னே எழுதியிருந்தா என்ன?"

"அது ஒரு பேரா?"

"இருமல் மருந்து பாட்டில்ல 'பூங்காற்று'ன்னு எழுதிக் குடுத்தா என்னை சும்மா விடுவாங்களா? என்ன மருந்து, என்ன பண்ணும், வேண்டாம்னா என்ன செய்யணும், எல்லாத்தையும் வெளிப்படையாப் போடணும். இல்லைன்னா எழுதினவனே மாத்திக் குடிச்சிடுவான்."

அவர் மறுபடி திரைக்குத் திரும்பினார். கடைசியாக மிஞ்சியிருந்த 'மறுமலர்ச்சி'யைக் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு அமுக்கினார். மலர்ந்தது. நீல சோபா, பச்சை சோபா, மூன்று பேர் உட்காரும் சோபா, மூலைக்கு மடங்கும் சோபா என்று ஒரு வாரத்துக்கு முன் அவர் செதுக்கித் தள்ளிய அத்தனையும், அவள் கண்ணெதிரே, வரிசை வரிசையாக வந்து நின்றன.

"அடேயப்பா," என்றாள் அவள். "எங்க மருந்துக் கடைப் பொண்ணு போன்ல தெரியற சோபா என் லேப்டாப்ல மட்டும் ஏன் இல்லைன்னு ஒரு வாரமா மண்டையை உடைச்சுக்கிட்டேன். வேலை உங்களுதுன்னு தோணுச்சு, எப்படிப் பண்ணீங்கன்னுதான் தெரியலை. நீங்களே வாயால சொல்லி, கையால காட்டியும் குடுத்துட்டீங்க."

வாசலில் மணி அடித்தது. இரண்டு ஆட்கள் சோபாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். போகும்போது நாற்காலியைத் தூக்கினார்கள். அது இடது பக்கம் சாய்ந்தபடியே வாசலைத் தாண்டியது. அவர் திரும்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். ஆனாலும் விடவில்லை, திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எல்லாம் திரும்பி வந்துடுச்சு. அந்தக் கேன்சல் பொத்தானை மட்டும் எங்கடி ஒளிச்சு வெச்சே?"

அவள் புதுச் சோபாவில் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டாள்.

"லேப்டாப்ல சோபாவே இல்லாததால நேர்ல போய் வாங்கிட்டேங்க. அதுக்கு ஏது பொத்தான்?"