இல்லாத படகுக்கு ஒரு சான்று

பொதுமக்கள் இனி அலையவே கூடாது என்று மஞ்சக்குப்பத்துப் படகு இருப்பு உறுதிசெய் அலுவலகம் திருவுளம் கொண்டது. அங்கே கம்ப்யூட்டரில் இருந்த படகுப் பதிவேட்டை, எங்கோ இருக்கும் கிளவுட் தானியங்கிச் சேவையோடு இணைத்தார்கள். நடுவில் பாலமாக ஒரு புரோகிராம். கம்ப்யூட்டரை அணைத்தால் பாலம் போச்சு. தினமும் மாலை ஆறு மணிக்குக் கிளவுட் வந்து பதிவேட்டைப் பார்த்து, 'படகு இருக்கிறது' என்ற சான்றைத் தானாக அனுப்பும்.

மின்சிக்கன ஆணைப்படி ஐந்தே முக்காலுக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள்.

மீன்பிடித் தடைக்காலம் முடிய மூன்றே நாள். சான்று இல்லாமல் கடலுக்குப் போக முடியாது. என் மச்சான் சுப்பராயலுவுக்குப் போனில் செய்தி வந்தது: "தங்கள் படகு இல்லை."

துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிற நானும் அவரோடு அலுவலகத்துக்குப் போனேன். கண்காணிப்பாளர் கலைமணி மேடம் நிமிரவே இல்லை.

"படகு துறைமுகத்துல நிக்குது மேடம். வந்து பாருங்க" என்றார் மச்சான்.

"நான் பாத்து என்னய்யா ஆவப்போவுது? சிஸ்டம் பாக்கணும்."

"அப்ப சுவிட்ச அணைக்காதீங்க."

"அரசாங்கக் கரண்ட வீணாக்கச் சொல்றியா?"

"சரி, கிளவுட்ட நாலு மணிக்கு வரச் சொல்லுங்க!"

இணைப்பு கொடுத்த கம்பெனிக்காரர் ஜெயசீலன், "ரெண்டு கிளிக்தான் மேடம்" என்றார். மேடம் முறைத்த முறைப்பில் அவர் அடங்கிவிட்டார். நேரமாற்றக் கோரிக்கையும் தானியங்கி வழியாகத்தான் போகவேண்டுமாம். கம்ப்யூட்டரில் பதிந்தார்கள். ஆறு மணிக்குக் கிளவுட் வந்து தட்டிப் பார்த்தது. மறுநாள் பதில்: "தங்கள் அலுவலகம் இல்லை."

மேடம் அதையும் கோப்பில் சேர்த்தார்.

மச்சானுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "எம் படகு இல்லதானே? அதையே எழுதி முத்திர குத்திக் குடுங்க!"

"தாராளமா. சிஸ்டமே சொல்லுதே."

தடை முடிந்த காலை, மச்சான் கடலில் இறங்கினார். ரோந்துப் படகு மறித்தது. காகிதத்தை நீட்டினார். அதிகாரி மூன்று தடவை படித்தார். படகைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார். கண்ணை நம்பி யாருக்கு உத்தியோக உயர்வு கிடைத்திருக்கிறது?

"இல்லாத படகை எப்படிய்யா மறிக்கிறது? போ, போ."

அடுத்த நாள் அலுவலக வாசலில் கூட்டமான கூட்டம். கிளவுட் வருவதற்கு முன்பே ஒழுங்கான சான்று வாங்கி வைத்திருந்தவர்கள்தான் ஜாஸ்தி. "மேடம், எனக்கும் இல்லன்னு போட்டுக் குடுங்க!"

ஊரே வாங்கும்போது நான் மட்டும் விட முடியுமா? முட்டி மோதி மனுவை நீட்டினேன். மேடம் அதைத் தூக்கி வீசினார்.

"உனக்குத்தான் படகே கெடையாதேய்யா. அப்புறம் இல்லன்னு எப்படிச் சான்று தர்றது?"